ஒரு மண்டலத்துக்கு ஊசி

தங்கை புருஷன் சின்னசாமியின் இன்லண்டு கடிதம் வந்த அன்று வேதா காலையிலிருந்து பதினெட்டு எலிகளைக் கொன்றிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. முதல் வருடம் இருந்தது, அப்புறம் போய்விட்டது. எலியின் சினைப்பையை வெட்டியெடுத்து, செல்களை உதிர்த்து, குழாய்களில் போட்டு, ஹார்மோன் விட்டால் அவை என்ன செய்கின்றன என்று அளப்பதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு மேஜை இருந்தது, பக்கத்து அறையில் எலிக்கூண்டுகள் இருந்தன. வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை.

கடிதத்தில் நாலே வரி. உண்ணாமலை முழுகாமல் இருக்கிறாள், டவுன் லேபில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று, அம்மா உங்களை உடனே வரச் சொன்னார்கள், அண்ணாமலையார் கண் திறந்துவிட்டார். வேதா கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை படித்தாள். சந்தோஷம் வந்தது. வந்ததை நம்பலாமா என்று யோசிக்கிற சுபாவம் அவளுக்கு உண்டு என்றாலும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

உண்ணாமலை அவளுடைய தங்கை, ஐந்து வயது சின்னவள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது வேதாவும் வேதாவின் ஹாஸ்டல் கட்டிலும்தான். திருவண்ணாமலை மலையைச் சுற்றுகிற பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு எட்டு வருடம். பிள்ளை இல்லை. முதல் ரெண்டு வருடம் கேட்டார்கள். அடுத்த ரெண்டு வருடம் சொல்லிக்காட்டினார்கள். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வேலை என்றால் தண்டராம்பட்டில் பெண் பார்ப்பது. மாமியார் ராணியம்மாள் இதை மூடி மறைக்கிற ரகம் இல்லை. ஆவணியில் சின்னசாமிக்கு ரெண்டாம் கல்யாணம், உண்ணாமலை பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம், யாரும் துரத்தப் போவதில்லை என்று வேதாவிடமே நேருக்கு நேர் சொன்னாள். அந்த 'இருக்கலாம்' வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்ணாமலை பக்கத்திலேயே உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆவணிக்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் வேதா தங்கையை வேலூருக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா சோதித்துவிட்டு, முட்டை வளர்கிறது, உடைந்து வெளியே வருவதில்லை, அவ்வளவுதான் என்றார். மாதாமாதம் ஐந்து நாள் மாத்திரை, அப்புறம் குறித்த நாளில் ஒரே ஒரு ஊசி. அந்த ஊசி முட்டையை வெளியே தள்ளும். ஆறு மாதம் முயற்சி பண்ணலாம் என்றார். ஊசி மருந்து திருவண்ணாமலையில் கிடைக்காது. வேதாதான் பங்குனிக் கடைசியில் ஆறு குப்பி வாங்கி, ஃப்ளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அது அவளுடைய எலிகளுக்குப் போடுகிற அதே மருந்து. மாசத்துக்கு ஒன்று, மாசத்துக்கு ஒன்று என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடிதம் வந்த மறுநாள் பஸ் பிடித்தாள். டவுனில் இறங்கி ரெண்டு மாதுளம்பழமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் அடி அண்ணாமலைக்குப் போனாள். ராணியம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக நாற்காலி போட்டாள். காப்பியில் சர்க்கரை ஜாஸ்தியாகவே இருந்தது. உண்ணாமலை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள். சிரி என்றால் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

சாமி கும்பிட்டுவிட்டு வா என்றாள் ராணியம்மாள். வேதா பூஜை அலமாரிக்குமுன் நின்று திருநீறு எடுக்கக் கையை நீட்டினாள், கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணாமலையார் படத்துக்குக் கீழே மூன்று காலிக் குப்பிகள். கழுவித் துடைத்து, மூன்றுக்கும் பட்டை போட்டுக் குங்குமம் வைத்திருந்தது. தலைக்குக் குளித்த கணக்குப்படி இது முதல் மாதம். ஒன்றுதான் காலியாகியிருக்க வேண்டும்.

"ஏன் அத்தை மூணு இருக்கு?" என்றாள்.

ராணியம்மாளுக்கு அதைச் சொல்வதில் பெருமை. மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன வைத்தியம் என்று அவளுக்கு அப்போதே மனசு ஒப்பவில்லையாம். அவர்கள் வீட்டில் எந்த மருந்தானாலும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். லேகியமானாலும் சரி, கஷாயமானாலும் சரி, அதற்குக் குறைந்து சாப்பிட்டால் உடம்பில் பிடிக்காது. ஊசிக்கு மட்டும் வேறு நியாயமா?

"ஆறு மருந்து குடுத்தியா. கம்பவுண்டரு ஒண்ண எட்டா பிரிக்கலாம்னாரு. ஆறெட்டு நாப்பத்தெட்டு. சொல்லி வெச்சா மாதிரி ஒரு மண்டலம் வந்துச்சி. இது நாம செஞ்சதா வேதாம்மா? அவன் செஞ்சது." படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு இருபத்தாறாம் நாள்.

வேதாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்கு ஒத்துப்போகாத தாளைப் பார்க்கிற மாதிரி அந்த மூன்று குப்பிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திருநீறு பூசிக்கொண்டாள்.

கம்பவுண்டர் அப்பாதுரை கோயில் பக்கம் ஓர் அறையில் ஊசி போடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை, ஊசியைச் சுத்தமாகக் கொதிக்க வைப்பார். வேதா போய்க் கேட்டதும் ஒன்றையும் மறைக்கவில்லை. குறித்த நாளில்தான் ஆரம்பித்தாராம். கரைத்த மருந்தை சோடாக் கடை ஃப்ரிட்ஜில் வைத்துத் தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாராம். மொத்தமாகப் போட்டால் சூடு, பிரித்துப் போட்டால் உடம்பில் ஊறும் என்றார். அதுதான் பலித்துவிட்டதே என்று சிரித்தார். வேதா அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? வெயிலில் நடந்து திரும்பி வந்தாள்.

அந்த ஊரிலேயே அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இதுதான். அந்த ஊசி மருந்து, பிள்ளைத்தாச்சிகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. கரு உண்டானால் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் அது. டவுன் லேபில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சிறுநீரை விட்டுத் தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். தினம் காலையில் ஒருத்திக்கு அதை ஊசியில் ஏற்றிவிட்டு, அவள் சிறுநீரில் அது இருக்கிறதா என்று பார்த்தால் இருக்காமல் எங்கே போகும்? லேப்காரன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு ஊசி விஷயம் தெரியாது.

குளிக்கிற நாள் தள்ளிப்போனதற்கும் காரணம் அதுவே. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் மஞ்சளாக ஒரு திசு வளரும். அது சுரக்கிற சுரப்புதான் கருப்பைக்குள் படுக்கை விரித்து வைத்திருக்கும். கரு வரவில்லை என்றால் ரெண்டு வாரத்தில் திசு ஓய்ந்துபோகும், படுக்கை கலைந்து வெளியே வரும். கரு வந்துவிட்டால் இந்த ஹார்மோன் வந்து, ஓயாதே, இன்னும் சுர என்று சொல்லும். அப்பாதுரை தினம் காலையில் கருவின் குரலில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கருதான் இல்லை.

இனி என்ன ஆகும் என்பதும் வேதாவுக்குத் தெரியும். ஆறு வருடமாக அவள் அளந்தது அதைத்தான். செல்லின் மேல்தோலில் ஹார்மோன் வந்து உட்காரவென்றே ஒரு புரதம் இருக்கிறது, ஏற்பி என்று பெயர். ஹார்மோன் அதில் உட்கார்ந்ததும் தோலின் உட்பக்கம் இன்னொரு புரதம் விழித்துக்கொள்ளும். அது ஒரு நொதியை முடுக்கிவிடும். நொதி ஒரு சின்ன மூலக்கூறை ஆயிரக்கணக்கில் செய்து உள்ளே அனுப்பும், அதுதான் செல்லுக்குள் சேதி கொண்டுபோகும் ஆள். ஹார்மோன் வந்து போய், வந்து போய் இருந்தால் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். போகாமலே இருந்தால் சில மணி நேரத்திலேயே கோளாறு ஆரம்பிக்கும். ஏற்பி இருக்கும், ஹார்மோனும் அதில் உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற புரதம் எழுந்திருக்காது. வாசலில் ஆள் கூப்பிடுகிறார், வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாள் போகப் போக செல் அந்த ஏற்பிகளையே உள்ளே இழுத்து விழுங்கிச் செரித்துவிடும். அப்புறம் எவ்வளவு ஹார்மோன் ஊற்றினாலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். செல் சாகவில்லை. எல்லா வேலையும் செய்யும், இது ஒன்றுக்கு மட்டும் அசையாது.

எட்டு வருடம் பேச்சுக் கேட்ட உண்ணாமலையைப் பற்றி இதே வார்த்தைகளைச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேதாவுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. செல் செல்தான், உண்ணாமலை உண்ணாமலைதான் என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

சாயங்காலம் கிணற்றடியில் உண்ணாமலை துணி துவைக்கப் போனபோது வேதாவும் போனாள். பம்பு செட் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்காது. வேதா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். டெஸ்ட் பொய்யில்லை, ஆனால் வயிற்றில் கரு இல்லை, இருப்பது ஊசி மருந்து. ஊசியைத் தொடர்ந்து போட்டாலும் இன்னும் நாலைந்து நாளில் சினைப்பை அதைக் கேட்காது, ரத்தப்போக்கு வரும். நிறுத்தினாலும் வரும்.

உண்ணாமலை சேலையைப் பிழிந்து கல்லில் வைத்தாள்.

"சரி," என்றாள்.

"புரியுதாடி?"

"புரியுது. ஊசி மருந்துதான் இருக்குது, புள்ள இல்ல." அடுத்த துணியை எடுத்து நனைத்தாள். "இந்த இருவது நாளா அவங்க என்னை ஒண்ணும் சொல்லலக்கா. மண்டலம் நடக்கறப்ப வீட்ல கெட்ட பேச்சு பேசக் கூடாதாம். தண்டராம்பட்டுலருந்து ஆள் வந்துச்சி, பேச முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ராத்திரி எனக்கு நல்லா தூக்கம் வருது."

நாளைக்குக் காலையில் அத்தையிடம் எல்லாம் சொல்லிவிடலாம், ரெண்டு மாதம் சும்மா விட்டால் செல்கள் பழையபடி ஆகிவிடும், எலிகளுக்கு அப்படித்தான் ஆகிறது, ஆவணிக்குள் இன்னும் ஒரு தடவை முறையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று வேதா யோசித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் உண்ணாமலை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொல்லாத. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா ஆவணி வரைக்கும்கூட பொறுக்க மாட்டாங்க. வர்றது தானா வரட்டும். நீ கூட இரு, போதும்."

வேதா பொய் சொல்கிறவள் இல்லை. எலிக் கணக்கில் ஒரு எண் தப்பாக வந்தாலும் அப்படியே எழுதி வைக்கிறவள். அவள் பேராசிரியர் அதற்காகவே அவளைத் திட்டியிருக்கிறார். சொல்லாமல் இருப்பது பொய்யா என்று துணிகளைக் கொடியில் உலர்த்துகிற வரைக்கும் யோசித்தாள். லீவை நாலு நாள் நீட்டித்து மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தாள்.

அந்த நாட்களில் ராணியம்மாள் மருமகளைக் குனிய விடவில்லை. தண்ணீர்க் குடத்தை அவளே எடுத்தாள். காலையில் உண்ணாமலை ஊசிக்குப் போய் வந்தாள், இருபத்தேழு, இருபத்தெட்டு என்று ராணியம்மாள் வாய்விட்டு எண்ணினாள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள் என்று உண்ணாமலை சொல்லிவிட்டாள். சின்னசாமி வயலிலிருந்து வரும்போது பெண்டாட்டிக்கென்று இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். அவனைப் பார்க்கவே வேதாவுக்குப் பாவமாக இருந்தது. உண்ணாமலை இளநீரை வாங்கிக் குடித்தாள், பூ கொடுத்தால் வைத்துக்கொண்டாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். இல்லாத பிள்ளைக்காக இத்தனையும் வாங்கிக்கொள்கிறாளே, உள்ளுக்குள் ஒன்றுமே ஆகவில்லையா என்று வேதாவுக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஊசி ஆரம்பித்து முப்பதாம் நாள் காலையில் வந்துவிட்டது. வேதா சொன்ன கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை. கழிப்பிடத்திலிருந்து உண்ணாமலை சத்தமில்லாமல் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். ராணியம்மாள்தான் சேலையைப் பார்த்தாள்.

வேதா எதற்கும் தயாராக இருந்தாள். திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், தண்டராம்பட்டுக்கு ஆள் அனுப்புவாள் என்றுதான் நினைத்தாள். ராணியம்மாள் தரையில் உட்கார்ந்து மருமகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அழுதாள், ஆனால் ஊர் கூடுகிற அழுகை இல்லை. தனக்கும் சின்னசாமிக்கு முன்னால் ரெண்டு இப்படித்தான் போயிற்று என்றாள். அந்த வீட்டில் யாருக்கும், சின்னசாமிக்கேகூட, அது தெரியாது. பிறகு எழுந்து வெந்நீர் போட்டாள், பூண்டு உரித்தாள், கருப்பட்டி இடித்தாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை எட்டிப் பார்த்தபோது, என் மருமவளுக்குத் தங்குற வயிறுதான், திருஷ்டி பட்டுப்போச்சு, அடுத்தது நிக்கும் என்று உரக்கச் சொன்னாள். தண்டராம்பட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. மத்தியானத்துக்குள் சின்னசாமியிடம் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதமும் போட வைத்துவிட்டாள்.

சினைப்பை கேட்க மறுத்ததால் கிடைத்த வாழ்வு இது. வேதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ரெண்டும் வரவில்லை. இனி மண்டலம் வேண்டாம், உடம்பு தேற வேண்டும், அப்புறம் டாக்டரம்மா சொன்ன நாளில் ஒரே ஒரு ஊசி என்று மட்டும் ராணியம்மாளிடம் கறாராகச் சொன்னாள். ராணியம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தினி நாள் கருவா இருந்துருக்கும்மா அது? நீ படிச்சவ, உனுக்குத் தெரியும்."

இதுவரைக்கும் வேதா சொல்லாமல்தான் இருந்தாள். இப்போது ஒரு எண் சொல்ல வேண்டும். அடுப்படியில் கருப்பட்டி பாகாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ராணியம்மாளின் கண் இன்னும் சிவந்தே இருந்தது.

"நாப்பது நாள் இருக்கும் அத்தை," என்றாள்.

"நாப்பது நாளு," என்று ராணியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாகைக் கிளறினாள்.

வேதா உள்ளறைக்குப் போனாள். உண்ணாமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்திருந்தது. பூண்டு பாலைக் குடித்த டம்ளர் தலைமாட்டில் காலியாக இருந்தது. வேதா பக்கத்தில் உட்கார்ந்து, காரியம் ஒரு வழியாக நடந்துவிட்டது, இனி பயமில்லை என்று அவள் காதோடு சொன்னாள். உண்ணாமலை அசையவில்லை. திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, நாப்பது நாள்னா எவ்ளோ பெருசு இருக்கும்?"

வேதாவுக்கு முதலில் விளங்கவில்லை. கிணற்றடியில் அத்தனை தெளிவாகச் சொன்னோமே, அவளும் புரிந்தது என்றாளே என்று நினைத்தாள். ஒன்றுமே இல்லடி, இருந்தது வெறும் மருந்து என்று வாய் வரை வந்தது. உண்ணாமலைக்கு அது தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள்.

வேதா சுண்டுவிரலை நீட்டி, அதன் நுனியில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினாள்.

"துவரம்பருப்பு அளவு."

உண்ணாமலை திரும்பி, அந்த விரலைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இந்த எட்டு வருடத்தில் அவள் அழுது வேதா பார்த்தது அன்றைக்குத்தான். வேதா விரலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.